தாழ்ந்த ஒலிக்கு ஓர் இடம்



இப்பொழுது நீங்கள் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் கூடத்து அலமாரியில் வைத்த சிறு வானொலிப் பெட்டியில் கேட்கலாம். சிலர் கைப்பேசியில் கேட்கலாம். வயது வந்த ஓர் ஆண் பேசும்போது அவனுடைய குரல்நாண்கள் வினாடிக்குப் பெரும்பாலும் 100 முறை, 120 முறை என்ற அளவில் அதிர்கின்றன. வினாடிக்கு ஓர் அதிர்வு என்பதை 1 ஹெர்ட்ஸ் என்று சொல்லுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒலிபெருக்கியால் அந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியை உருப்படியாக எழுப்ப இயலாது. ஆயினும், பேசுகிறவன் ஓர் ஆண்மகன், அதிலும் வயது முதிர்ந்தவன், என்பதை நீங்கள் அறிந்துகொண்டீர்கள். இது எவ்வாறு?

200, 300, 400 என்று மடங்குகளாக எழும் மேல் ஒலிகள் உங்கள் செவியை அடைகின்றன. அவற்றுக்கிடையே உள்ள ஒழுங்கைக் கொண்டு, வராத 100-ஐச் செவியும் மூளையும் தாமே இட்டு நிரப்பிக்கொள்கின்றன. பையன் கொண்டுவந்த மீதிச் சில்லறையைப் பார்த்தே அவன் கடையில் என்ன வாங்கினான் என்று தாய் கண்டுகொள்வதில்லையா? அதைப்போல. சிறிய பெட்டி பாதியைச் சொல்லாமல் விடுகிறது. ஆனால் இல்லாததைச் சொல்வதில்லை.

இந்தக் குறையைச் செவியிடம் விட்டுவிடாமல், தாழ்ந்த ஒலியை எழுப்புவதற்கென்றே தனியாக ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன நேரும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அந்தப் பெட்டியைக் கடைக்காரர்கள் சப்வூஃபர் என்கிறார்கள். ஏறத்தாழ ஒரு முக்காலி உயரம், பெரிய கூம்பு, உள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபயர், பின்புறத்தில் சில குமிழ்கள். இவ்வளவுதான் அதன் தோற்றம். அதை வாங்குவது எளிது. முன்பே வீட்டில் இருக்கும் இரண்டு ஒலிபெருக்கிகளோடு அது ஒரே வாத்தியம்போலச் சேர்ந்து ஒலிக்கும்படி செய்வது எளிதன்று. இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. ஒரு பையனுக்குத் தவறாகப் பாடம் சொல்லிக்கொடுத்தபின் அறிந்துகொண்டேன்.

எங்கள் தெருவில் ஒரு மிருதங்க வித்துவான் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணா என்றே நான் அழைப்பது வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் கண்டு இடக்கை வழங்காமற் போயிற்று. மிருதங்கத்தில் வலக்கை வாசிப்பது வலந்தலை. இடக்கை வாசிப்பது தொப்பி. வலக்கையால் அவர் இன்றும் சொற்களை வாசித்துக் காட்டுவார். தொப்பியை வாயால்தான் சொல்லுவார். அவருடைய பேரன், பதின்மூன்று வயதுப் பையன், அவரிடமே கற்றுக்கொள்கிறான். பாட்டனாரின் இடக்கை எப்படிப் பேசியது என்பதை அவன் அறிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் உண்டு. 1987-ல் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அவர் வாசித்த கச்சேரியை நான் ஒரு கேசட்டில் பதிவு செய்துவைத்திருந்தேன். அதை என் மகன் கணினிக்கு மாற்றிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பையன் என் வீட்டுக்கு வந்து அதைக் கேட்பான்.

முதலில் பழைய டேப் ரிக்கார்டரிலும், பிறகு இரண்டு சிறு ஒலிபெருக்கிகளிலும் கேட்டுவந்தோம். இவை ஒவ்வொன்றிலும் நான்கு அங்குலக் கூம்பு ஒன்றுதான் உண்டு. மேல் ஒலி, கீழ் ஒலி அனைத்தையும் ஒரே கூம்பு எழுப்புவதால் இவற்றை முழு வீச்சு ஒலிபெருக்கிகள் என்று சொல்லுவார்கள். பாட்டும் பேச்சும் மிக இயல்பாக இருக்கும். ஆனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும்போது இவற்றுக்கு மூச்சு முட்டும். இதை அறிந்த என் மகன், சென்ற ஆண்டு பொங்கலுக்கு வந்தபோது, பத்து அங்குலச் சப்வூஃபர் ஒன்றை வாங்கிவந்து கூடத்து மூலையில் வைத்து, கம்பியை இணைத்துவிட்டு, மறுநாள் ஊருக்குப் போய்விட்டான். நானும் மிக மகிழ்ந்தேன். தொப்பி இடித்தது, நெஞ்சில் தட்டியது, சமையலறையில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. இதுதான் மெய்யான நாதம் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அண்ணா பேரனுடைய மிருதங்கத்தைப் பார்த்திருக்கிறார். தொப்பியின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவது வழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். ரவை மிகுந்தால் தோலின் பாரம் மிகும். பாரம் மிகுந்தால் ஒலி தாழும். பையன் வேண்டியதைப்போல் இரண்டு பங்கு ரவையை அப்பியிருந்தான்.

“ஏண்டா, யாரைக் கேட்டு இவ்வளவு ரவை வைத்தாய்?”

“ஹெட்மாஸ்டர் தாத்தா வீட்டில் உங்கள் தொப்பி இப்படித்தான் கேட்கிறது, தாத்தா.”

அன்று மாலையே அண்ணா கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: “ஹெட்மாஸ்டர், இது என் கை இல்லை. கும்கியில் நான் மேலே போகிறேன், கீழே வருகிறேன். உங்கள் பெட்டி ஒரே இடத்தில் நின்றுகொண்டு ‘ஊம், ஊம்’ என்கிறது.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியவன். கரும்பலகையில் ஆசிரியர் பிழையாக எழுதியதைப் பார்த்துப் பிள்ளை பிழையாக எழுதினால், குற்றம் பிள்ளையினுடையது ஆகாது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் நாடாவை எடுத்துக் கூடத்தை அளக்கத் தொடங்கினேன்.

கூடத்தை ஏன் அளக்கவேண்டும்? குற்றம் பெட்டியினுடையது அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. காற்றில் ஒலி, நம் ஊர் வெப்பத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்லுகிறது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 12 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆகவே அறைக்குள் அது ஒரு குருவியைப்போல் எங்கும் பறந்து திரியும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 8.7 மீட்டர். அது எங்கள் கூடத்தைக் காட்டிலும் நீளம்! குருவிக்கூட்டில் யானை புகுந்தால் எப்படியோ, அப்படி. தாழ்ந்த ஒலியைப் பொறுத்தவரையில் நாம் கேட்பது பெட்டியை மட்டும் அன்று. அறையையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

ஊஞ்சலுக்கு ஒரு சொந்தத் தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் சிறு பிள்ளை தள்ளினாலும் உயரப் போகும். தள்ளுவதை நிறுத்தினாலும் உடனே நிற்காது. இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள காற்றும் அவ்வாறே ஓர் ஊஞ்சல். சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாக அடங்கும்போது அது வீறிட்டு ஆடத் தொடங்கும். அதன் எண்ணைக் கண்டுபிடிக்க ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும்: 348-ஐச் சுவர்களின் இடைவெளியால் வகுத்து, பாதியாக்கவேண்டும். எங்கள் கூடம் நீளம் 6 மீட்டர், அகலம் 3.6 மீட்டர், உயரம் 3 மீட்டர். நீளத்துக்கு 29 ஹெர்ட்ஸ், அதன் மடங்கு 58, அகலத்துக்கு ஏறத்தாழ 48, உயரத்துக்கு 58.

கவனித்தீர்களா? 58 இரண்டு முறை வந்துவிட்டது. கூடத்தின் நீளம் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு என்பதால் வந்த வினை இது. கொத்தனார் அழகாகத்தான் கட்டினார். அவர்மேல் பிழை இல்லை. ஆனால் நீளவாட்டில் ஓர் ஊஞ்சலும் நெடுக்குவாட்டில் ஓர் ஊஞ்சலும் ஒரே தாளத்தில் ஆடக் காத்திருக்கின்றன. மத்தள அடி எதுவாயினும் அதன் தொடக்கத்தில் பல எண்களின் கலவை இருக்கும். அந்தக் கலவையில் 58-ஐ மட்டும் கூடம் பிடித்துக்கொண்டு, அடி ஓய்ந்த பின்னும் முனகுகிறது. அண்ணா ‘ஊம், ஊம்’ என்று சொன்னது அதைத்தான். அவருக்கு ஹெர்ட்ஸ் என்னும் சொல் தேவைப்படவில்லை.

இதற்கு மேலும் இரண்டு தீங்குகளை நாங்கள் எங்கள் கையாலேயே செய்திருந்தோம். பெட்டியை மூலையில் வைத்தோம். மூலை என்பது எல்லா ஊஞ்சல்களையும் ஒருசேரத் தள்ளும் இடம். கேட்பவர் அமரும் சோபாவையோ பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்தோம். சுவர் ஓரத்தில் இந்த அதிர்வுகளின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். தள்ளுவதும் உச்சத்தில், கேட்பதும் உச்சத்தில் என்றால் பையன் இரண்டு பங்கு ரவை வைத்ததில் வியப்பில்லை.

பின்சுவரிலிருந்து நீளத்தில் கால் பங்கு, அதாவது எங்கள் கூடத்தில் 1.5 மீட்டர், முன்னே வந்தால், நீளவாட்டு 58 அங்கே ஏறத்தாழ மறைந்துபோகும். நடுக்கூடத்தில் உட்காருவது நல்லது என்று சிலர் எண்ணுவர். அங்கே 29 மறையும், ஆனால் 58 மறுபடியும் உச்சத்தில் நிற்கும். நாற்காலியில் அமர்ந்தவர் காது தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால், நெடுக்குவாட்டு 58-ம் ஓரளவு தணிந்துவிடுகிறது. ஆகவே சோபாவை விட்டுச் சாய்வு நாற்காலியை 1.5 மீட்டர் முன்னே இழுத்துப் போட்டேன். சமையலறைக்குப் போகும் வழியை நாற்காலி மறிப்பதாக இல்லத்தரசி ஆட்சேபித்தாள், நியாயமான ஆட்சேபம். கேட்கும்போது மட்டும் போட்டுக்கொள்வதென்றும், தரையில் சாக்கட்டியால் அடையாளம் வைத்துக்கொள்வதென்றும் உடன்பாடு ஏற்பட்டது.

அடுத்தது பெட்டியின் இடம். இதற்கு ஒரு வேடிக்கையான முறை உண்டு. ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் அறையின் விடை மாறாது என்பது ஒலிநூலில் ஒரு நல்ல விதி. ஆதலால் சப்வூஃபரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தாழ்ந்த ஒலி படிப்படியாக ஏறி இறங்கும் பதிவு ஒன்றை ஓடவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து சுவர் ஓரமாக ஊர்ந்துபோகவேண்டும். எந்த இடத்தில் எல்லா எண்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கின்றனவோ, அந்த இடமே பெட்டிக்கு உரிய இடம். அறுபது கடந்த ஒருவர் கூடத்தில் தவழ்வதைப் பார்த்துப் பால் கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முன்சுவரில், அகலத்தின் நடுப்பகுதியில் எனக்கு இடம் கிடைத்தது. கணக்கும் அதையே சொல்லுகிறது. அகலவாட்டு 48-ஐ நடுவில் நின்று தள்ள முடியாது. கணக்கு முன்பே சொல்லியிருக்க நான் ஏன் தவழ்ந்தேன் என்றால், கதவு, சன்னல், பீரோ, புத்தக அலமாரி ஆகியவை கணக்கில் வருவதில்லை.

இப்படியாகக் கூடம் ஓரளவு வழிக்கு வந்தது. ஆனால் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளுக்கும் சப்வூஃபருக்கும் இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை. வேலையை எந்த எண்ணில் பிரித்துக்கொள்வது? அதைக் கிராஸோவர் என்பார்கள். என் மகன் சப்வூஃபரின் குமிழை 120-ல் நிறுத்தியிருந்தான். சிறு ஒலிபெருக்கிகளைத் தடுக்காமல் முழு வீச்சிலேயே விட்டிருந்தான். இதனால் 80-க்கும் 120-க்கும் இடைப்பட்ட வேலையை இரு தரப்பும் செய்தன. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர் ஒரே சமயத்தில் பாடம் நடத்தினால் என்ன ஆகும்? இன்னொரு கேடும் உண்டு. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை அறைக்குள் செவியால் எளிதில் கண்டுகொள்ள முடிவதில்லை. அதற்கு மேலே போகப்போக அது தெரிந்துவிடும். பாகவதரின் தலை முன்னே மேடையில் இருந்தது. வயிறோ மூலையில் தனியாகப் பாடியது!

முழு வீச்சு ஒலிபெருக்கியோடு சப்வூஃபரைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. பெரிய கூம்புள்ள, 40 ஹெர்ட்ஸ்வரை நேர்மையாக இறங்கக்கூடிய ஒலிபெருக்கி வீட்டில் இருந்தால், அதைத் தடுக்காமல் விட்டுவிடலாம். அது களைத்து விழும் இடத்தில் மட்டும் சப்வூஃபர் தோள்கொடுத்தாற் போதும். சிறு கூம்பாயின் அந்த வழி உதவாது. அதற்குக் காரணம் சொல்லவேண்டும். 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைந்து கூம்பைத் தள்ளும் ஒலிபெருக்கியைப் பற்றி எழுதினார்கள். இன்றும் நம் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். அதே உரப்போடு ஒலியின் எண் பாதியாகத் தாழவேண்டுமானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வரவேண்டும். 80-ல் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கூம்பு 40-ல் நான்கு மில்லிமீட்டர் அசையவேண்டும். நான்கு அங்குலக் கூம்புக்கு அது தாங்காது. அதே கூம்புதான் பாடகர் குரலையும் எழுப்புகிறது என்பதை மறக்கவேண்டாம். தொப்பி விழுந்தபோதெல்லாம் கூம்பு தத்தளித்தது. பாடகர் குரலும் அதோடு கலங்கியது.

ஆதலால் ஆம்ப்ளிஃபயரின் அமைப்புக்குள் சென்று, 80-க்குக் கீழ்ப்பட்டது எதுவும் சிறு ஒலிபெருக்கிக்குப் போகாதபடி தடுத்தேன். 80-க்குக் கீழ்ப்பட்டது மட்டும் சப்வூஃபருக்குப் போயிற்று. இவ்வாறு ஆம்ப்ளிஃபயரே பிரித்து அனுப்பும்போது, சப்வூஃபரின் முதுகிலுள்ள கிராஸோவர் குமிழை முழுவதும் மேலே திருப்பிவிடவேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு சல்லடையில் சலிக்கப்பட்டுச் சேருமிடத்தில் பள்ளம் விழும். நான் முதலில் இதை மறந்துவிட்டு ஒரு வாரம் வீணாக்கினேன். தடுத்தவுடன் முதலில் தெரிந்த மாறுதல் தொப்பியில் அன்று, பாகவதருடைய குரலில்! அது கழுவித் துடைத்தாற்போல் ஆயிற்று. சப்வூஃபர் வாங்குகிறவர்கள் அடிக்குரலுக்காக வாங்குகிறார்கள். அதன் பெரிய உதவி மேற்குரலுக்குக் கிடைக்கிறது.

பிரித்தாயிற்று, இனி அவற்றைச் சேர்க்கவேண்டும். 1976-ல் லிங்க்விட்ஸ் என்பவர் இந்தப் பிரிப்பைப் பற்றி ஓர் அரிய கட்டுரை எழுதினார். ரைலி என்னும் அவருடைய நண்பரின் பெயரும் அந்தப் பிரிப்பு முறையோடு சேர்த்து வழங்குகிறது. பிரிக்கும் எண்ணில் இரு தரப்பும் ஒரே அளவில், ஒரே அடியில் ஒலிக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஒரே அடி என்றால் என்ன? ஏற்றம் இறைக்கும் இருவர், ஒருவர் மிதிக்கும்போதே மற்றவரும் மிதித்தால் நீர் மேலே வரும். ஒருவர் மிதிக்கையில் மற்றவர் தூக்கினால் சால் அசையாது. 80 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடிய 12.5 மில்லிவினாடி ஆகும். அதில் பாதி பின்தங்கினால் இரண்டும் எதிர் எதிராகி ஒன்றையொன்று அழித்துவிடும். பாதி என்பது ஒலி 2.2 மீட்டர் நடக்கும் நேரம். ஒரு சிறு வீட்டில் மிக எளிதில் நேரக்கூடிய பிசகு.

கைப்பேசிச் செயலி ஒன்றைக் கொண்டு பார்த்தேன். எங்கள் பதிவில் அண்ணாவின் கும்கி ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸில் தொடங்கி 110 வரை ஏறி இறங்குகிறது. அதாவது, சப்வூஃபரின் வீட்டில் புறப்பட்டு, 80 என்னும் வாசற்படியைத் தாண்டி, சிறு ஒலிபெருக்கிகளின் வீட்டுக்குள் போய்த் திரும்புகிறது. வாசற்படியில் பள்ளம் இருந்தால் கும்கி இடறி விழும். மேடு இருந்தால் முட்டிக்கொள்ளும். இந்த இணைப்பைச் சோதிக்க அயல்நாட்டார் ஏதேதோ பதிவுகளை வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு நல்ல தொப்பி போதும் என்பது என் துணிபு.

அந்த வாசற்படியைச் சமன்செய்யும் முறையைச் சொல்லுகிறேன். இரண்டு சிறு ஒலிபெருக்கிகளுக்கும் போகும் கம்பிகளில் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிவிடவேண்டும். அதற்குமுன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுவது நல்லது. பிறகு 80 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, நாற்காலியில் அமர்ந்து, சப்வூஃபருக்கு உரிய தூரம் என்று ஆம்ப்ளிஃபயர் கேட்கும் எண்ணைச் சிறிது சிறிதாக மாற்றவேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் பெட்டியில் ஃபேஸ் என்று எழுதிய குமிழைத் திருப்பலாம். எந்த நிலையில் ஒலி மிகமிகக் குறைந்து ஏறத்தாழ மறைகிறதோ, அங்கே நிறுத்திவிட்டுக் கம்பிகளைப் பழையபடி மாட்டவேண்டும். எதிராக நின்றபோது முழுவதும் அழித்துக்கொண்ட இரண்டும், நேராக நிற்கும்போது முழுவதும் கூடிக்கொள்ளும். உச்சத்தைத் தேடினால் செவி ஏமாறும். மறைவைத் தேடினால் ஏமாறாது. என் நாடா அளந்த தூரம் 4 மீட்டர். இந்தச் சோதனை சொன்ன எண் 5.5 மீட்டர். நான் தவறு செய்துவிட்டேன் என்றே எண்ணினேன். பிறகுதான் விளங்கியது. சல்லடையில் சலிக்கவும் நேரம் ஆகிறது. அந்தத் தாமதம் தூரமாகத் தோன்றுகிறது.

உரப்பைப் பற்றி இரண்டு சொற்கள். 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் காட்டியபடி, தாழ்ந்த ஒலிக்கு நம் செவி மிக மந்தம். 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழத் தொடங்குவதற்கே, 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு வேண்டியதைவிட 70 டெசிபலுக்கு மேல் கூடுதலாக வேண்டும். ஆகவே மெல்லக் கேட்கும்போது அடிக்குரல் முதலில் மறையும்; உரக்க வைத்தால் அதுவே முதலில் மிகும். நள்ளிரவில் சரியாக வைத்த குமிழ் பகலில் தவறாகும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் உரப்பிலேயே வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். செயலியில் அளக்கும்போது, பல கைப்பேசிகளின் ஒலிவாங்கி மிகத் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை நம்பிக் குமிழைத் திருப்பிக்கொண்டே போனால் அண்டைவீட்டார் வந்துவிடுவார்கள். தாழ்ந்த ஒலி சுவரை மதிப்பதில்லை. இரவு ஒன்பதுக்குமேல் எங்கள் வீட்டில் சப்வூஃபருக்கு மின்சாரம் கிடையாது.

மிகுந்து ஒலிக்கும் எண்களை மின்கருவியால் குறைக்கலாம். எஞ்சிய 58-ஐ நானும் சிறிது குறைத்தேன். மறைந்த எண்ணை அவ்வாறு கூட்டி நிரப்ப முயலக்கூடாது. எவ்வளவு கொட்டினாலும் அறை அதை அழித்துக்கொண்டே இருக்கும். கூம்பும் ஆம்ப்ளிஃபயரும்தான் வருந்தும். ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டிகளை வாங்கி எதிர் எதிர்ச் சுவர்களின் நடுவே வைத்தால், கூடத்தின் பல இடங்களிலும் ஒலி சமப்படும் என்று 2002-ல் டாட் வெல்டி என்பவர் ஆராய்ந்து சொன்னார். உண்மைதான். எங்கள் கூடத்தில் உற்றுக் கேட்பது ஒரே நாற்காலி, ஓய்வூதியமும் ஒன்றுதான்.

எல்லாம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவையும் பேரனையும் அழைத்தேன். சாக்கட்டி அடையாளத்தில் நாற்காலியைப் போட்டு அண்ணாவை உட்காரவைத்தேன். தனியாவர்த்தனம் தொடங்கிச் சிறிது நேரம் ஆயிற்று. “பெட்டியை அணைத்துவிட்டீர்களா?” என்று கேட்டார். அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. நான் எழுந்துபோய் அதை அணைத்தேன். அவர் தலையை நிமிர்த்தினார். மறுபடியும் போட்டேன், ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கும்கி வரும் இடங்களில் அவருடைய வலக்கை மடியிலிருந்து எழுந்து, இடக்கை செய்யவேண்டியதைக் காற்றில் செய்தது. பையன் தாத்தாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்தபின், உரப்பை இன்னும் ஒரு கோடு குறைக்கச் சொன்னார். செயலி அப்படிச் சொல்லவில்லை. இருக்கும் அளவே சரி என்றது. அவர் சொன்னபடியே குறைத்து, குமிழின் பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தேன். பையன் வீட்டுக்குப் போனதும் தொப்பியிலிருந்த ரவையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாதியளவு மறுபடி பிசைந்து வைத்தானாம். அது இன்னும் கொஞ்சம் மிகுதி என்று அண்ணா சொல்லுகிறார்.